லாகின் செய்யும்போதெல்லாம் பிடிஎஃப் எட்ஜுக்கு மாறிவிடுகிறது. டொமைனில் எங்கே பார்ப்பது?

பின்னலாடை ஐடி
திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம்ஸ் பார்க்கிறேன். ஒரே டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்) 64 மெஷின், விண்டோஸ் 10, 11 இரண்டும் உண்டு. 3 வாரமாக அக்கவுண்ட்ஸில் தினமும் ஒரே பிரச்சினை. அங்குள்ள அக்கா காலையில் வந்ததும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி இன்வாய்ஸைத் திறப்பார். அது எட்ஜில் திறக்கும், டோக்கனில் கையெழுத்துப் போட வழியிருக்காது. ரைட் கிளிக், ஓப்பன் வித், அக்ரோபேட் ரீடர், ஆல்வேஸ் என்று மாற்றிவிட்டால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடும். மறுநாள் காலை பழைய கதை.

நேற்று அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். லாக் ஆஃப் செய்து மறுபடி லாகின் செய்தோம். டெஸ்க்டாப்பில் இருந்த அதே ஃபைலின் சிவப்பு ஐகான் கண் முன்னாலேயே எட்ஜ் ஐகானாக மாறியது. கப்பல் புக்கிங் கட்-ஆஃப் இருக்கிற நாளில் இந்த 5 நிமிடம் அவருக்குப் பெரிய விஷயம்.

செய்து பார்த்தவை: 2 மெஷினில் ரீடரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். எந்த ஃபைலை எந்த ஆப் திறக்க வேண்டும் என்று மாற்றும் அசாக், எஃப்டைப் கட்டளைகள் கொடுத்தேன். ரெஜிஸ்ட்ரியில் யூசர் தேர்ந்த ஆப் பதிவாகும் யூசர்சாய்ஸ் கீயை மாற்றும் லாகின் ஸ்கிரிப்டும் எழுதினேன். சில மெஷினில் அனுமதி மறுப்பு, சிலவற்றில் 'டிஃபால்ட் ரீசெட் செய்யப்பட்டது' என்று அறிவிப்பு. இதற்கு முந்தைய வாரம் எல்லோருக்கும் க்ரோமை டிஃபால்ட் ஆக்க ஒரு பாலிசி போட்டோம், அதற்கும் பிடிஎஃப்புக்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறேன்.

சர்வர் அறை
முதலில் அந்த ஸ்கிரிப்டை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8-லிருந்து யூசர்சாய்ஸுக்குள் ப்ராக்ஐடி (ஆப்பைக் குறிக்கும் பெயர்) மட்டும் இருப்பதில்லை, கூடவே ஒரு ஹாஷும் (சரிபார்ப்புக் குறியீடு) இருக்கிறது. நீங்கள் ப்ராக்ஐடியை மட்டும் மாற்றினால் ஹாஷ் பொருந்தாது, விண்டோஸ் அதை ஏற்காமல் ரீசெட் செய்துவிடும். அந்த அறிவிப்பு அதனால்தான். 2024-ல் வந்த அப்டேட்களில் யூசர்சாய்ஸைப் பாதுகாக்க யுசிபிடி என்று ஒரு டிரைவரும் சேர்ந்தது. பிடிஎஃப், பிரவுசர் இரண்டுக்கும் உள்ள அந்தக் கீயில் ஸ்கிரிப்ட் கை வைத்தாலே அது தடுக்கும். அனுமதி மறுப்பு வருவது அந்த அப்டேட் ஏறிய மெஷின்களாக இருக்கும்.

அசாக் மாற்றுவது மெஷின் அளவில். அதற்கு மேல் யூசர்சாய்ஸ் இருந்தால் அதுதான் செல்லும்.

புது அட்மின்
விண்டோஸின் டிஸ்ம் கட்டளை வைத்து டிஃபால்ட் ஆப் அசோசியேஷன் இம்போர்ட் செய்தால் போதுமே சார்? எங்கள் ஆபீஸில் அப்படித்தான் செய்தோம்.

மதுரை நெட்வொர்க்
தம்பி, டிஸ்ம் இம்போர்ட் புதிதாக உருவாகும் ப்ரொஃபைலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே லாகின் செய்து வேலை பார்க்கிறவர்களை அது தொடாது.

கேட்டவருக்கு: தொடர்பில்லை என்று நீங்கள் தள்ளிவைத்த அந்த க்ரோம் பாலிசியில்தான் எனக்குச் சந்தேகம். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பிரிவில் இருக்கும் டிஃபால்ட் அசோசியேஷன் பாலிசிதானே? அதில் காட்டிய எக்ஸ்எம்எல் ஃபைலை எந்த மெஷினிலிருந்து எடுத்தீர்கள்? எக்ஸ்போர்ட் செய்தால் அந்த மெஷினின் எல்லா எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து வரும், பிரவுசர் மட்டும் வராது. டொமைன் மெஷினில் இந்தப் பாலிசி ஒவ்வொரு லாகினிலும் திரும்ப அமலாகும். பகலில் நிற்கிறது, லாகினில் போகிறது என்கிறீர்களே, அதற்கு இது அப்படியே பொருந்துகிறது. நோட்பேடில் திறந்து பிடிஎஃப் வரியைப் பாருங்கள்.

பின்னலாடை ஐடி
அதேதான் அண்ணா. அப்போது புதிதாக வந்த ஒரு விண்டோஸ் 11 மெஷினில் க்ரோமை மட்டும் டிஃபால்ட் ஆக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்தேன். அதில் ரீடரே போடவில்லை. பிடிஎஃப் வரியில் 'எம்எஸ்எட்ஜ்பிடிஎஃப்' என்று இருக்கிறது. நாங்களே தினமும் 64 மெஷினுக்கும் எட்ஜைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது அதை 'அக்ரோஎக்ஸ்ச் டாக்குமெண்ட் டிசி' என்று மாற்றினேன். 41 மெஷின் சரியாகிவிட்டது. மீதி 23 இன்னும் ரீடருக்கு வரவில்லை. எந்தப் பாலிசி ஏறியது என்று சொல்லும் ஜிபிரிசல்ட் கட்டளையில் பாலிசி ஏறியதாகவே காட்டுகிறது.

மதுரை நெட்வொர்க்
அந்த 23-ல் ரீடர் 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் ரீடரின் ப்ராக்ஐடிதான் நீங்கள் எழுதியது. 64 பிட்டில் அது 'அக்ரோபேட் டாக்குமெண்ட் டிசி'. மெஷினில் பதிவாகாத ப்ராக்ஐடியைப் பாலிசி சொன்னால் பயனில்லை. ஈவென்ட் வியூவரில் ஷெல் கோர், ஆப் டிஃபால்ட்ஸ் லாகைத் திறந்து பாருங்கள், அங்கே தடயம் கிடைக்கும்.

ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு ப்ராக்ஐடிதான் எழுத முடியும். இரண்டு எக்ஸ்எம்எல், இரண்டு குரூப் என்று பிரிக்கலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து எந்த மெஷின் எந்த குரூப் என்று யாருக்கும் நினைவிருக்காது. எல்லாவற்றையும் ஒரே பதிப்புக்குக் கொண்டு வந்துவிடுவது நல்லது. அப்புறம், எக்ஸ்எம்எல்லில் நீங்கள் உண்மையிலேயே கட்டாயப்படுத்த வேண்டிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். படம் எதில் திறக்க வேண்டும் என்பதைக்கூட ஏன் தினமும் நாம் முடிவு செய்ய வேண்டும்?

பின்னலாடை ஐடி
அந்த 23-லும் ரீடர் 64 பிட்தான். சனிக்கிழமை மாலை மற்ற மெஷின்களிலும் 64 பிட் ஏற்றினேன். பிடிஎஃப் வரியில் நீங்கள் சொன்ன 64 பிட் ப்ராக்ஐடியைப் போட்டேன். எக்ஸ்எம்எல்லில் இப்போது மொத்தம் 5 வரிதான்: பிடிஎஃப், எச்டிஎம், எச்டிஎம்எல், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ். லாகின் ஸ்கிரிப்டையும் எடுத்துவிட்டேன்.

இன்று திங்கள். 9 மணிக்கு அக்கா சீட்டுக்குப் போய் நின்றேன். லாகின் ஆனது, ஐகான் சிவப்பாகவே இருந்தது. டோக்கனைச் செருகி முதல் இன்வாய்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்கும் இப்படியே இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். மிக்க நன்றி அண்ணா, சர்வர் அறை நண்பருக்கும். சாயப் பட்டறை யூனிட்டில் இருக்கும் 3 லேப்டாப் இன்னும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வரவில்லை. வந்ததும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.