டைம் க்ரைசிஸ் பிஎஸ்1: டியூப் டிவியில் கன்கான் குறி சிதறுது, எல்சிடியில் படவே இல்ல

மூடுபனி_ஹட்டன்:
நாம்கோவோட ஒரிஜினல் கன்கான் (டிவித் திரையைக் குறிவச்சுச் சுடுற விளையாட்டுத் துப்பாக்கி), 1997ல் வந்த பிஎஸ்1 (முதல் பிளேஸ்டேஷன்) டைம் க்ரைசிஸ் கேம். 32 அங்குல எல்சிடியில் ட்ரிகர் இழுத்தா திரை வெள்ளையா மின்னுது, ஒரு குண்டும் படல. 21 அங்குல டியூப் டிவியில் படுது, ஆனா அங்கங்க சிதறுது, சில ஷாட் பதிவே ஆகல. எல்சிடியில் ஏதாவது செட்டிங் இருக்கா? கடையில் காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின் மாதிரி கால் பெடல் செய்ய முடியுமா?

பழையடியூப்:
தம்பி, எல்சிடியை விட்டுருங்க. அதுக்கு செட்டிங்கே கிடையாது. டியூப் டிவியில் ஒளிப்புள்ளி ஒவ்வொரு வரியா ஓடித்தான் படம் வரையுது. அந்தப் புள்ளி துப்பாக்கிக்கு நேரா வரும்போது உள்ளே இருக்கிற சென்சார் பிடிக்கும். மேலிருந்து எத்தனையாவது வரி, வரி தொடங்கி எவ்வளவு நேரம்னு எண்ணித்தான் இடம் கண்டுபிடிக்குது. அந்த எண்ணிக்கை 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுது. எல்சிடியில் அப்படி ஓடுற புள்ளி இல்ல. 100 ஹெர்ட்ஸ் டியூப் டிவியும் உதவாது, படத்தை உள்ளே சேர்த்து வச்சு வேற நேரத்தில் காட்டும்.

எண்ணிக்கையை எங்கே தொடங்கணும்னு மஞ்சள் வீடியோ வயர்தான் சொல்லுது. துப்பாக்கியோட மஞ்சள் பிளக்கை டிவியில் குத்துங்க. அந்தப் பிளக்குக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்கும், பிஎஸ்1 மஞ்சள் வயரை அதில் குத்துங்க. பாதி கழன்றிருந்தாலும் குறி தடுமாறும்.

நுவரெலியா_சோல்டர்:
பதிவே ஆகாத ஷாட்டுக்கு முதல்ல வெளிச்சத்தைப் பாருங்க. எதிர்பாராத வெளிச்சம் பட்டா கன்கான் இடத்தைச் சொல்லாம பிழைக் குறியீடு அனுப்பும், வெளிச்சமே கிடைக்காட்டி இன்னொரு குறியீடு. சின்ன காம்பராவில் (அறையில்) டியூப் லைட்டும் ஜன்னலும் டிவி கண்ணாடியில் தெரியும். லைட்டை அணைங்க, ஜன்னலை மூடுங்க, டிவி பிரைட்னஸைக் கூட்டுங்க.

அடுத்தது ஈரம், நம்ம பக்கத்தில் இதுதான் பெரிய எதிரி. மழை மாசத்தில் லென்ஸ் உள்பக்கம் பூஞ்சணம் படிஞ்சு வெளிச்சத்தைக் குறைக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால மெதுவா துடைங்க. தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிடும். பிறகு மூடி இறுகின டின்னில் சிலிக்கா ஜெல் பக்கெட் போட்டு வையுங்க.

எல்லா குண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினா கேமிலேயே குறியைச் சரிபண்ணலாம். நடுவில் சரியா இருந்து ஓரத்தில் மட்டும் தவறினா டிவியின் பட அகலம் கெட்டிருக்கு, துப்பாக்கியில் குறை இல்ல. டிவி டெக்னீஷியன் செய்ய வேண்டிய வேலை அது. டியூப் டிவி உள்ளே கரண்ட் எடுத்த பிறகும் உயர் வோல்டேஜ் நிற்கும், நீங்க திறக்காதீங்க.

மூடுபனி_ஹட்டன்:
நன்றி அண்ணே. மஞ்சள் பிளக் தளர்ந்துதான் இருந்தது. ஏரியல் சொக்கெட் மட்டும் உள்ள 14 அங்குல டிவியில் முடியுமா?

பழையடியூப்:
முடியும், நடுவில் ஒரு விசிஆர் (வீடியோ கேசட் டெக்) வையுங்க. துப்பாக்கி பிளக்கை விசிஆரின் வீடியோ இன்னில் குத்தி, ஏரியல் அவுட்டிலிருந்து டிவிக்கு வயர் போடுங்க. படம் ஒரு துளி நகர்ந்தா குறியைத் திரும்பச் சரிபண்ணுங்க.

நுவரெலியா_சோல்டர்:
பெடலுக்கு: துப்பாக்கி பக்கவாட்டு பட்டனை அழுத்தினா கேம் ஹீரோ மறைவிலிருந்து வெளியே வருவான், விட்டா ஒளிஞ்சு 6 குண்டும் நிரப்புவான். 2ஆம் போர்ட்டில் சாதாரண கன்ட்ரோலர் போட்டும் இதைச் செய்யலாம். எந்த பட்டன் வேலை செய்யுதுன்னு முதல்ல அழுத்திப் பாருங்க. அந்த பட்டனோட இரண்டு தொடுபுள்ளியிலும் வயர் சோல்டர் பண்ணி, அழுத்தும்போது மட்டும் இணையுற காலிங் பெல் சுவிட்சில் கொண்டுபோய் சேருங்க. சுவிட்சை இரண்டு பலகைக்கு நடுவே வச்சு, ஒரு ஓரத்தில் கதவுக் கீலும் மறு ஓரத்தில் ஸ்பிரிங்கும் போடுங்க. சுவிட்ச் முழுசா அமுங்கும் முன்னே பலகை ஒரு கட்டையில் மோதி நிற்கணும், இல்லாட்டி மிதிக்கிற வேகத்தில் சுவிட்ச் நொறுங்கிடும். கன்ட்ரோலர் உள்ளே இருக்கிற சர்க்யூட் பிளேட்டில் கரிப்பூச்சுத் தொடுபுள்ளி இருந்தா சோல்டர் ஒட்டாது, அதுக்குப் போற செப்புத் தடத்தைச் சுரண்டி அதில் வையுங்க.