தமிழ் போஸ்டர் வேலைக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் செட்டிங், ஷார்ட்கட் எவை?

வண்ணக்குடம்:
எல்லோருக்கும் வணக்கம். விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ஊர்த் திருவிழாவுக்கான முழு செட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்: அழைப்பிதழ், ஏ3 போஸ்டர், 10க்கு 8 அடி ஃபிளெக்ஸ், எல்லாமே தமிழில். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். காலேஜ் லேபில் சரியாக வரும் தமிழ் என் லேப்டாப்பில் இருக்கும் பழைய ஃபோட்டோஷாப்பில் உடைந்து வருகிறது, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இரண்டாவது, ஷார்ட்கட் பட்டியல் என்று நெட்டில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, அதில் தினமும் உதவுவது எது என்று வேலை செய்கிறவர்கள் சொன்னால்தான் தெரியும். மூன்றாவது, ஃபிளெக்ஸ் ஃபைலைத் திறந்தாலே 8 ஜிபி லேப்டாப் அப்படியே நின்றுவிடுகிறது. அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஒற்றெழுத்து:
தமிழ் உடைவதற்குக் காரணம் ஃபான்ட் இல்லை தம்பி, எழுத்தை அடுக்கும் இன்ஜின். "கொ" என்று நாம் அடிக்கும்போது உள்ளே க முதலிலும் அதன் குறி அடுத்தும்தான் பதிவாகும். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. பழைய ஃபோட்டோஷாப்பில் அந்த வேலையைச் செய்யாத இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் டைப், அங்கே டெக்ஸ்ட் இன்ஜினை "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்" என்று மாற்றி, ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். அப்புறம் பாராகிராப் பேனலின் மூலையில் இருக்கும் மெனுவில் "வேர்ல்ட் ரெடி" கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் பொதுவான ஒரே இன்ஜின்தான் இருக்கிறது, லேபில் சரியாக வருவது அதனால்தான் இருக்கும்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ், டைப் போய் "ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்" டிக் செய்துவிட்டு, பாராகிராப் மெனுவில் சவுத் ஏசியன் கம்போஸரை எடுக்க வேண்டும். இன்டிசைனில் "அடோபி வேர்ல்ட் ரெடி பாராகிராப் கம்போஸர்". இதை பாராகிராப் ஸ்டைலுக்குள்ளேயே வைத்துவிட்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க "கொடியேற்றம்" என்று அடித்துப் பாருங்கள். கவின் இருபக்கமும் கொம்பும் காலும், யவுக்கு முன்னால் இரட்டைக்கொம்பு, ற் மேலே புள்ளி நேராக. இந்த ஒரு சொல் ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் மற்றதும் வரும்.

இன்னொன்று, ஆங்கில போஸ்டரில் பார்த்து டிராக்கிங்கை, அதாவது எழுத்து இடைவெளியை, 150, 200 என்று ஏற்றாதீர்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றால் படிக்கிறவர் தடுமாறுவார். லீடிங்கை, அதாவது வரி இடைவெளியை, ஆட்டோவில் விட்டாலும் நெருக்கும், ஏனென்றால் அது எழுத்தளவில் 120 சதவீதம்தான், நமக்கு மேலே கொக்கியும் கீழே சுழியும் இருக்கிறது. நான் 140-லிருந்துதான் ஆரம்பிப்பேன். ஃபான்ட்டுக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு பலூ தம்பி, இவை எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்.

யாழ்_கோடு:
ஒற்றெழுத்து சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. கோயில்காரர் தரும் வேர்ட் ஃபைல் பெரும்பாலும் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் இருக்கும். அது பார்க்கத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, புள்ளி இருக்கிற இடத்தில் உண்மையில் இருப்பது அரைப்புள்ளி. அதை அப்படியே நோட்டோவில் ஒட்டினால் ஒன்றும் விளங்காது. முதலில் யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, பெயர்களை ஒருமுறை ஓர் எழுத்து விடாமல் வாசித்துப் பாருங்கோ. மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ போன்றவைதான் அதிகம் கெடும், அழைப்பிதழில் அவைதான் நிறைய வரும்.

அடோபி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் இங்கே நிறையப்பேர் இன்க்ஸ்கேப்பில்தான் செய்கிறார்கள். அதிலும் கிம்பிலும் எந்த செட்டிங்கும் தொடாமலே தமிழ் சரியாக வரும்.

எட்டிதழ்:
ஷார்ட்கட் விஷயத்துக்கு நான் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: தமிழ் கீபோர்டு ஆனில் இருக்கும்போது வி, பி, எக்ஸ் போன்ற ஒற்றை எழுத்து ஷார்ட்கட்டுகள் வேலை செய்யாது, கம்ப்யூட்டர் மேல் கோபம் வரும். டைப் செய்து முடித்ததும் கன்ட்ரோல் + என்டர் அடித்து டெக்ஸ்ட்டை விட்டு வெளியே வாருங்கள், விண்டோஸ் கீ + ஸ்பேஸ் அடித்து ஆங்கிலத்துக்கு மாறுங்கள். இந்த இரண்டையும் கை பழகிவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

ஃபோட்டோஷாப்பில் நான் நாள் முழுக்க அடிப்பது இவ்வளவுதான். கன்ட்ரோல் + ஜே லேயரை நகல் எடுக்கும், கன்ட்ரோல் + டி (T) அளவு மாற்றும், கன்ட்ரோல் + ஆல்ட் + ஜி கிளிப்பிங் மாஸ்க், அதாவது மேல் லேயர் கீழ் லேயரின் வடிவத்துக்குள் மட்டும் தெரியும். படத்தை அழிக்காமல் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் வேலையில் டி (D) அடித்தால் கறுப்பு வெள்ளைக்கு வரும், எக்ஸ் அடித்தால் இரண்டும் இடம் மாறும், சதுர அடைப்புக்குறிக் கீகள் பிரஷ்ஷைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். இடது கை இவற்றின் மேலேயே இருந்தால் சாமி படத்தின் மாலை, தலைமுடி எல்லாம் அழிக்காமல் நிதானமாக வெட்டலாம். தயவுசெய்து எரேஸரைத் தொடாதீர்கள். போட்டோவை உள்ளே கொண்டு வந்ததும் வலது கிளிக் செய்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடுங்கள், சிறிதாக்கிவிட்டுத் திரும்பப் பெரிதாக்கினாலும் மூலப்படத்தின் தரம் போகாது. ஆசிரியர் "அம்மன் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கு" என்று கடைசி நாளில் சொல்லத்தான் போகிறார், அன்றைக்கு இதன் அருமை தெரியும்.

இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + டி (D) ஒன்றே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது, கடைசியாகச் செய்த மாற்றத்தை அது திரும்பச் செய்யும். போஸ்டர் ஓரத்துக்கு எட்டிதழ்க் கோலம் வேண்டும் என்று வையுங்கள். ஒரு இதழை மட்டும் வரையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து ஆர் அடித்து, ஆல்ட்டைப் பிடித்தபடி கோலத்தின் நடுப்புள்ளி எங்கே வர வேண்டுமோ அங்கே கிளிக் செய்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். கோணத்தில் 45 என்று போடக்கூட வேண்டாம், 360/8 என்றே அடியுங்கள், அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஓகே அடிக்காமல் காப்பி அடியுங்கள், அப்புறம் கன்ட்ரோல் + டி (D) ஆறு முறை. கோலம் முடிந்தது. பன்னிரண்டு இதழ் வேண்டுமென்றால் 360/12. ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடங்களைச் சேர்க்கவும் வெட்டவும் ஷிஃப்ட் + எம், ஷேப் பில்டர்.

நிறங்களை ஸ்வாட்ச்சில் "குளோபல்" டிக் போட்டு வையுங்கள். குங்குமச் சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கச் சொன்னால் ஓர் இடத்தில் மாற்றினால் அந்த ஃபைல் முழுக்க மாறும்.

மைவாசம்:
சிவகாசியில் ப்ரீபிரஸ்ஸில், அதாவது ஃபைலை அச்சுக்குத் தயார் செய்யும் பிரிவில் இருக்கிறேன், எனக்கு வந்து சேரும் ஃபைல்களை வைத்துச் சொல்கிறேன். முதலில் ஃபிளெக்ஸ் கணக்கு. 10க்கு 8 அடி என்றால் 120க்கு 96 இன்ச். அதை 300 ரெசல்யூஷனில் (இன்ச்சுக்கு 300 பிக்ஸல்) திறந்தால் 36,000க்கு 28,800 பிக்ஸல், பேக்ரவுண்ட் ஒன்றே 3 ஜிபி தின்னும். பிஎஸ்டி ஃபைலே ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்ஸல் வரைதான் தாங்கும். லேப்டாப் மேல் தப்பே இல்லை. ஃபிளெக்ஸைத் தூரத்தில் நின்றுதான் பார்க்கிறார்கள், 72 போதும், 8,640க்கு 6,912 பிக்ஸல், உங்கள் 8 ஜிபியில் ஓடும். ஏ3 போஸ்டர் கையில் எடுத்துப் பார்ப்பது, அதற்கு 300 வேண்டும், அதாவது 3,508க்கு 4,961. போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது, அழைப்பிதழின் சின்ன எழுத்தை ஃபோட்டோஷாப்பில் வைக்கவே வைக்காதீர்கள். ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபி கறுப்பை ஸ்வாப் (SWOP) என்ற அச்சு ப்ரொஃபைலில் அச்சு மைகளான சிஎம்ஒய்கே ஆக்கினால் 75, 68, 67, 90 என்று நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதம் வரும். மெஷினில் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் புள்ளியும் சுழியும் சிவப்பு, நீல நிழலோடு அடிக்கும், 8 பாயின்ட் எழுத்தில் உபயதாரர் பெயரைப் படிக்க முடியாது. எழுத்தை இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ வைத்து, கே, அதாவது கறுப்பு மை மட்டும் 100 கொடுங்கள்.

பளிச்சென்ற பச்சை, நீலம் ஸ்கிரீனில் இருப்பது மாதிரி அச்சில் வராது. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் + ஒய் அடித்தால் அச்சில் ஏறக்குறைய எப்படி வரும் என்று காட்டும், கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஒய் அச்சுக்கு அடங்காத நிறங்களைச் சாம்பலாகக் காட்டும். நிறம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பாருங்கள், கடைசியில் பார்த்தால் மனசு விட்டுப்போகும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் படம், விடுங்கள். வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரின்ட் (கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது) ஆனில் இருந்தால் பிளேட்டில் அது காணாமலே போய்விடும். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + ஒய் அடித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வண்ணக்குடம்:
அண்ணா, கம்போஸரை மாற்றினேன், "கொடியேற்றம்" அழகாக வந்துவிட்டது! ஃபிளெக்ஸை 72க்குக் கொண்டு வந்ததும் லேப்டாப்பும் நிற்காமல் ஓடுகிறது. ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். எங்கள் ஊர் பிரஸ்ஸில் கோரல்டிராதான் இருக்கிறதாம், அங்கே என் ஃபான்ட்டும் இருக்காது. எப்படிக் கொடுப்பது?

மைவாசம்:
முதலில் ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள், "அச்சு" என்று கடைசியில் சேர்த்தால் போதும். இல்லஸ்ட்ரேட்டரில் அந்த நகலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ, எழுத்தெல்லாம் அவுட்லைன், அதாவது வடிவமாகிவிடும், எந்த மெஷினிலும் உடையாது. லாக் செய்த லேயர் இருந்தால் திறந்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அது மட்டும் எழுத்தாகவே நின்றுவிடும். அதை ப்ளீடோடு பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், கோரலில் இம்போர்ட் ஆகும்.

எட்டிதழ்:
எழுத்தாக இருக்கும் மூல ஃபைலை மட்டும் பத்திரமாக வையுங்கள் தம்பி. கொடியேற்றத் தேதி மாறினால் அவுட்லைன் ஃபைலில் ஒரு எண்ணைக்கூடத் திருத்த முடியாது.