டிராக்டோகிராஃபி: தடவரைவா, தடக்கணிப்பா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கைநடுக்க நோயாளிகளின் குடும்பத்தினருக்கான விளக்கக் கையேடு வரும் திங்களன்று அச்சுக்குப் போகிறது. நாமோ அதற்கான கலைச்சொல் தேடலில் நான்கு நாளாக, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்னும் பகுதியின் பெயரிலேயே நிற்கிறோம். கிரேக்கத்தில் அது உள்ளறையையும் மணவறையையும் குறித்ததால் ‘உவளகம்’ என ஆளலாம் என்று ஐயா எழுதியது இனிய பரிந்துரை. ஆயினும் மருத்துவர் நாவில் வழங்கும் ‘தலாமஸ்’ என்பதையே வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது, மூளையின் நரம்பிழைப் பாதைகளைத் தேடிக் காணும் முறையான டிராக்டோகிராஃபிக்கு ஒரு சொல்.

‘தடப்படம்’, ‘தடவரைவு’ என இரண்டு வந்தன. எளியவைதாம், ஏற்க மனம் ஒப்பவில்லை. எம்.ஆர்.ஐ. கருவி இந்த நரம்பிழைகளை நேரே படம் பிடிப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் இழைக்கற்றையின் நெடுக்கில் எளிதாகவும் குறுக்கே அரிதாகவும் பரவுகின்றன. அப்பரவலை அளந்து, 1994இல் பீட்டர் பாசர் என்னும் ஆய்வாளரும் உடனாய்வாளரும் வகுத்த டென்சர் முறை (திசைதோறும் பரவலின் அளவைக் குறிக்கும் கணித முறை) போன்றவற்றால் புள்ளிதோறும் திசையைக் கணக்கிட்டு, அத்திசைகளைக் கணினி கோத்துத் தருவதே நாம் காணும் வண்ணக்கோடு. சிறுமூளையின் ஆழத்துக் கருவில் (நரம்பணுத் திரளில்) புறப்பட்டு, மறுபக்கம் கடந்து, தலாமஸில் ‘விம்’ என்று மருத்துவர் சுருக்கிச் சொல்லும் கருவை அடைந்து, அங்கிருந்து, அசைவுகளை ஆளும் மூளை மேற்பரப்பான இயக்கப் புறணிக்கு ஏறும் பாதையை இவ்வாறுதான் தேடுகிறார்கள்; ஏனெனில் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் அக்கருவின் எல்லை தெளிவாகத் தெரிவதில்லை. இழைகள் குறுக்கிடும் இடத்தில் கோடு வழிமாறக்கூடும். செய்தி எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அது காட்டாது. ஆகவே ‘தடக்கணிப்பு’ என்கிறேன். ‘படம்’ என்று அச்சிட்டால், அந்தக் கோடே நரம்பு என்று நம்பி ஒரு குடும்பம் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும்.

மேற்சொன்ன பாதைக்கு ‘இயக்குதடம்’. தசையை இயங்கச் செய்வதால் பிறவினை வேண்டும். வினைத்தொகை ஆதலின் வலி மிகாது.

*

ஐயா அவர்களின் மறுமொழி:

தங்கள் கவலை நியாயமானது, சொல்லில்தான் இடர். ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்பது தொல்காப்பியம். தடக்கை பெருங்கை ஆவதுபோலத் தடக்கணிப்பும் பெருங்கணிப்பு ஆகிவிடும். ‘ஆறு’ இருக்க ஏன் தடம்? வழிக்கும் நீரொழுக்குக்கும் தமிழில் அது ஒரே சொல். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டியதை ஆற்றுப்படை என்றோம். நீரின் போக்கை அளந்து வழி காணும் கலைக்கு ‘ஆற்றுக்கணிப்பு’ என்பது தானாக அமைந்த பெயர். இயக்குதடம் எனக்கு உடன்பாடே.

*

ஐயா, நீரும் வழியும் ஒரு சொல்லில் கூடுவதை இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன். அதன் அழகை மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து படிப்பவர் ‘ஆற்றுக்கணிப்பு’ என்பதை வெள்ள முன்னறிவிப்பு என்றே கொள்வார். உரிச்சொல் ‘தட’ இன்று பேச்சில் இல்லை. ‘தடம்’ பேருந்துப் பலகையிலேயே இருக்கிறது. இதுவரை எழுதிய எழுவரில் நால்வர் தடக்கணிப்புக்கு இசைந்துள்ளனர். இருவர் தடவரைவில் நிற்கின்றனர். முதல் பக்கத்தில் தடக்கணிப்பு என்று இட்டு, அது கணக்கிட்டுப் பெற்ற கோடு என ஒரு வரி சேர்க்கிறேன். தங்கள் மறுப்பை அடுத்த பதிப்புக்கான குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளேன்.