0.58 வாட் பாஸா, ஃபெயிலா?

ஃபியூஸ் போனவன்:
காபி மெஷின் ஏற்றுமதி பற்றிய இழையில் அண்ணாச்சி எழுதியிருப்பது: "ஐரோப்பாவில் ஸ்டாண்ட்பை (செருகியபடி வேலையின்றிக் காத்திருக்கும்போது) வரம்பு 0.5 வாட். 0.1 வாட் டாலரன்ஸ் (அதற்கு மேல் விட்டுக்கொடுக்கும் அளவு) உண்டு. எங்கள் மெஷின் 0.58. தைரியமாக அனுப்பலாம்." இதற்கு வரிசையாக லைக் வேறு! அந்த 0.1 உங்களுக்குக் கொடுத்ததே இல்லை ஐயா. சந்தையிலிருந்து பொருளை எடுத்துச் சோதிக்கிற அரசுத் தரப்புக்குக் கொடுத்தது. உற்பத்தியாளர் அதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/826 விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏற்றுமதி அண்ணாச்சி:
தம்பி, நான் இதற்கு முந்தைய 1275/2008 விதிமுறைக் காலத்து ஆள். 2010-ல் 1 வாட், 2013-ல் 0.5 வாட், இரண்டையும் தாண்டி வந்தவன். சோதிக்கிறவன் 0.6 வரை விடுகிறான் என்றால் 0.58 பாஸ். இதில் என்ன வேதாந்தம்?

ஃபியூஸ் போனவன்:
சரி, தொழில்நுட்ப ஆவணத்தில் ஸ்டாண்ட்பை அளவாக என்ன எழுதுவீர்கள்? 0.58 என்று எழுதினால் அந்த இடத்திலேயே வரம்பு மீறல். 0.50 என்று எழுதினால் பொய். இரண்டில் எது?

மூன்றாம் பின்:
ஒரு சந்தேகம். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது மெஷினில் மணி காட்டும் டிஸ்ப்ளே எரிகிறதா? எரிந்தால் 2025 மே முதல் வரம்பு 0.8 அல்லவா? அல்லது நீங்கள் அளந்தது ஸ்விட்சை அணைத்து வைத்த ஆஃப் மோடா?

ஃபியூஸ் போனவன்:
சார், அது வேறு விஷயம். இங்கே பேச்சு டாலரன்ஸ் பற்றி.

ஏற்றுமதி அண்ணாச்சி:
ஆமாம், நடுவில் வந்து குழப்பாதீர்கள். 0.6 வரை பாஸ்.

மின்மினி:
முதலில் 0.58-ஐ எதில் அளந்தீர்கள்? பிளக்கில் செருகுகிற மீட்டர்தானே? உள்ளே 220 நானோஃபாரட் எக்ஸ் கெப்பாசிட்டர் (மின் இரைச்சலை வடிகட்ட லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே போடுவது) இருந்தாலே 230 வோல்ட்டில் சுமார் 16 மில்லிஆம்பியர் ஓடும். அதில் பெரும்பகுதி வாட்டாகச் செலவாகாது. அவ்வளவு குறைந்த பவர் ஃபேக்டரில் மலிவு மீட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

ஏற்றுமதி அண்ணாச்சி:
மீட்டர் பற்றி நீங்களா பேசுவது? லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் மீட்டர் மாட்டி, எதிரெதிர் கரண்ட் ஒன்றையொன்று அடித்துவிட, "லோடு கரண்ட் பூஜ்யம்" என்று படம் போட்ட மகான் அல்லவா நீங்கள்!

மின்மினி:
அது என் உதவியாளர் மாட்டியது. அப்போதே சொன்னேன். எத்தனை நாளைக்கு அதையே பிடித்துக்கொண்டு தொங்குவீர்கள்?

ஃபியூஸ் போனவன்:
கிளாம்ப் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்ட்பை அளவீட்டுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 62301 படி 1 வாட்டுக்குக் கீழே அளவீட்டு நிச்சயமின்மை 0.02 வாட்டுக்குள் இருக்க வேண்டும். அது கருவி சம்பந்தப்பட்டது. 0.1 என்பது வேறு. சோதிக்கும் முதல் யூனிட் (மெஷின்) தேறவில்லை என்றால் அதே மாடலில் இன்னும் 3 எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். யூனிட்டுக்கு யூனிட் வருகிற வித்தியாசத்துக்கும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வருகிற வித்தியாசத்துக்கும்தான் அந்த இடைவெளி. டிசைனே 0.58-ல் உட்கார்ந்திருப்பதற்கு அல்ல.

வழி இல்லாமலும் இல்லை. அந்த கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 470 கிலோஓம் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் (பிளக்கைப் பிடுங்கியதும் கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை வடிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 113 மில்லிவாட் அங்கேயே சூடாகிப் போகிறது. 1 மெகாஓம் போட்டால் 53. கிட்டத்தட்ட 60 மில்லிவாட் மிச்சம். எல்இடி கரண்டைக் கொஞ்சம் குறைத்தால் 0.5-க்குள் வந்துவிடும். ஒரு ரெசிஸ்டர் மாற்றச் சோம்பல், அதற்கு விதியை வளைக்கிறோம்! 2027 மே மாதம் ஆஃப் மோட் வரம்பு 0.3 ஆகிறது. அப்போதும் டாலரன்ஸ் பாட்டுத்தானா?

ஏற்றுமதி அண்ணாச்சி:
எத்தனையோ கண்டெய்னர் போயாச்சு, ஒரு கடிதாசி வந்ததில்லை. கூடுதலாகப் போகிற 0.08 வாட் வருஷம் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் மின்சாரம் ஆகாது. இதைக் காட்டி உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டுவிட்டார் தம்பி. உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸை ராத்திரி அணைக்கிறீர்களா, அதைச் சொல்லுங்கள்.

ஃபியூஸ் போனவன்:
அணைக்கிறேன். ஆவணத்தில் 0.50-ஆ, 0.58-ஆ? அதற்குப் பதில் வரவில்லையே.

ஏற்றுமதி அண்ணாச்சி:
0.6 வரை பாஸ். படித்தவர்களுக்குப் புரியும்.

மின்மினி:
யார் படித்தவர்கள்? என்னைச் சொல்கிறீர்களா? அந்த கிளாம்ப் பேச்சை முதலில் வாபஸ் வாங்குங்கள் அண்ணாச்சி.