சார்ஜர் செருகியும் 37 சதவீதத்திலேயே நிற்கிறது: பேட்டரி மாற்ற வேண்டுமா?

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்)
4 வருட லேப்டாப். அடாப்டர் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், உருண்டை முனை, நடுவில் மெல்லிய ஊசி. ஒரு வாரமாக 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்றே வருகிறது. சார்ஜரில் இருக்கும்போதுதான் ஆமை வேகம், பிடுங்கினால் வேகம் திரும்பிவிடுகிறது. கடையில் பேட்டரி மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரி உப்பவில்லை.

பதில் 1 (நெல்லிக்குப்பம்)
பேட்டரிக்கு இப்போதே காசு கட்டாதீர்கள். சார்ஜர் போட்டால் மெதுவாகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. டெல் போன்றவற்றில் அந்த நடு ஊசி கரண்ட் கொண்டுவருவதில்லை. 'நான் 65 வாட் அடாப்டர்' என்று மதர்போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. அந்தத் தகவல் போகாவிட்டால், அடாப்டர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் போர்டு சார்ஜிங்கை நிறுத்திவிடும், பிராசஸர் வேகத்தையும் அமுக்கிவிடும்.

முதலில் ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜர் போட்டு ஆன் செய்து, லோகோ வரும்போது எஃப்2 தட்டி பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) அடாப்டர் விவரம் பாருங்கள். '65 வாட்' என்று வந்தால் தகவல் போகிறது. 'அன்னோன்' என்றால் பெரும்பாலும் கேபிளோ ஜாக்கோதான் (லேப்டாப்பில் சார்ஜர் செருகும் துளை). கேபிளை முனைக்கு அருகே லேசாக அசைத்தும் பாருங்கள். ஊசிக்குப் போகும் மெல்லிய வயர் அங்கேதான் முறியும்.

மல்டிமீட்டரில் முனையின் உட்சுவரில் சிவப்பு, வெளிச்சுவரில் கறுப்பு. 19.5 காட்டினாலும் அடாப்டர் நல்லது என்று அர்த்தமில்லை, ஊசிப் பக்கம் அறுந்திருக்கலாம். சிவப்பு முனை ஊசியில் பட்டு ஷார்ட் ஆனால் உள்ளேயுள்ள அடையாளச் சிப் போய்விடும், கவனம்.

பதில் 2 (குருசுக்குப்பம், புதுச்சேரி)
கடலோர வீடு என்றால் ஜாக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். சார்ஜரும் பேட்டரி கனெக்டரும் கழற்றியிருக்க வேண்டும். ஜாக் ஆடினால், பல மாடல்களில் அது வயரோடு தனிப் பாகம். சால்டரிங் இல்லாமலே மாற்றலாம்.

60, 80 சதவீதத்தில் நின்றால் மட்டும் சார்ஜ் வரம்பு செட்டிங்கைச் சந்தேகப்படுங்கள். 37க்கு அது காரணமில்லை.

கேள்வி கேட்டவர்
பயாஸில் 'அன்னோன்'. பக்கத்து வீட்டு அண்ணனின் அதே வகை அடாப்டரைப் போட்டதும் '65 வாட்', சார்ஜும் ஏறுகிறது. பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 42,000, ஃபுல் சார்ஜ் (இப்போது முழுதாக ஏறுவது) 33,600.

பதில் 1
80 சதவீதம் இருக்கிறது, பேட்டரி இன்னும் ஓடும். அடாப்டர் மட்டும் மாற்றுங்கள். 19.5 வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். வாட் 65க்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் பரவாயில்லை, லேப்டாப் தேவையானதை மட்டும் இழுக்கும். முனை மாற்றும் யுனிவர்சல் சார்ஜர் வேண்டாம். பலவற்றில் அடையாளச் சிப் இல்லை, மறுபடி இதே 'அன்னோன்' வரும். கடையிலேயே செருகி, பயாஸில் வாட் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.