31 பேண்ட் ஈக்யூவில் வைத்த அமைப்பு பிளக்இன்னில் ஏன் வேறு மாதிரி கேட்கிறது?

நாதக்குறிப்பு (கேள்வி)

வணக்கம். பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு கிராஃபிக் ஈக்யூவை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வைத்துத்தான் குரல்களை மிக்ஸ் செய்து வருகிறேன். இரண்டு சேனல், சேனலுக்கு 31 ஸ்லைடர். பெட்டி என்னுடையது இல்லை. கூட வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் என்னிடம் விட்டு வைத்திருந்தார், இப்போது திருப்பிக் கேட்கிறார். அடுத்த மாதம் கொடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்லைடர்கள் எங்கே இருந்தன என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 140 பக்கத்துக்கு மேல் இருக்கும். எண்கள் கையில் இருக்கின்றன, அதே எண்களை மென்பொருளில் போட்டால் அதே ஒலி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் மூக்கொலி தூக்கலான ஒரு பெண் குரல். அதற்கு நான் வைத்த அமைப்பு: 250 ஹெர்ட்ஸில் −3 டெசிபல், 315இல் −5, 400இல் −3, 2.5 கிலோஹெர்ட்ஸில் −2, 4 கிலோஹெர்ட்ஸில் +3, 12.5இல் +2. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ரீஈக்யூ என்ற ஈக்யூ பிளக்இன்னைத் திறந்து ஆறு பேண்ட் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அகலம் மூன்றில் ஒரு ஆக்டேவ் (ஆக்டேவ் என்றால் அதிர்வெண் இரட்டிப்பாகும் தூரம்) என்று வைத்தேன். பெட்டியிலும் அப்படித்தானே அச்சிட்டிருக்கிறார்கள்!

ஆனால் குரலின் அடிப்பகுதி இன்னும் மந்தமாகவே இருக்கிறது. 4 கிலோஹெர்ட்ஸ் ஊசி மாதிரி குத்துகிறது. பெட்டியில் அதே +3 எவ்வளவு மெத்தென்று வரும் தெரியுமா? பாடகி வாயைத் திறந்து பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருக்கும். அதை இழக்க எனக்கு மனமில்லை. இதை மென்பொருளில் கொண்டுவர வழி இருக்கிறதா, இல்லை இது பெட்டியோடு போய்விடுமா?

சைன்அலை

வழி இருக்கிறது, போகாது. ஆனால் பெட்டி உங்கள் கையில் இருக்கும் இந்த ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். முகப்பில் 6 டெசிபல், 12 டெசிபல் என்று ரேஞ்ச் பட்டன் இருக்கிறதா? இருந்தால் நோட்டில் உள்ள எண்கள் எந்த நிலையில் எழுதியவை? 6இல் வைத்துவிட்டு 12க்கான கோட்டைப் படித்து எழுதியிருந்தால் எல்லா எண்ணும் பாதியாகிவிடும்.

அடுத்தது, நீங்கள் எழுதி வைத்திருப்பது ஸ்லைடரின் இடம். ஒலிக்கு நடந்தது என்ன என்பது அந்த நோட்டில் இல்லை. பழைய கிராஃபிக் ஈக்யூக்களில் பெரும்பாலானவை ஜைரேட்டர் (காயிலின் வேலையைச் செய்யும் ஒரு மின்சுற்று) வகை. ஸ்லைடரை முழுக்க ஏற்றினாலோ இறக்கினாலோதான் அவற்றின் அகலம் மூன்றில் ஒரு ஆக்டேவுக்கு அருகில் வரும். 3 டெசிபல் மட்டும் நகர்த்தினால் ஒரு ஆக்டேவ், சில பெட்டிகளில் அதற்கும் மேல் பரந்து கிடக்கும். ஏற்றும் அளவு குறையக் குறைய க்யூவும் (வளைவு எவ்வளவு குறுகலானது என்பதைச் சொல்லும் எண்) குறைந்துகொண்டே போகும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் எவ்வளவு நகர்த்தினாலும் அகலம் மாறாத கான்ஸ்டன்ட் க்யூ வடிவமைப்பு வந்தது. ஒலிக்கருவி வடிவமைப்பாளர் டென்னிஸ் போன் 1986இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்க வேண்டிய ஒன்று. அவருக்கு அது குறை, உங்களுக்கு அதுதான் அந்த மெத்தென்ற +3.

நீங்கள் ரீஈக்யூவில் வைத்த மூன்றில் ஒரு ஆக்டேவ் என்பது க்யூ கணக்கில் சுமார் 4.3. பெட்டியில் அதே இடத்தில் 1.4 அல்லது அதற்கும் கீழே இருந்திருக்கலாம். 250, 315, 400 மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஸ்லைடர்கள். அகலமான மூன்று பள்ளங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது நடுவில் −5 இருக்காது, அதைவிட ஆழமாக இருக்கும். பிளக்இன்னில் அடிப்பகுதி மந்தமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எண்களை விடுங்கள், வளைவை அளந்துவிடுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் போதும். அறையை அளப்பதற்காக எழுதப்பட்டது, பெட்டியை அளக்கவும் அதே வேலைதான், மைக் மட்டும் வேண்டாம். முதலில் கணினியோடு இணைத்திருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை நேரே அதன் இன்புட்டுக்குக் கேபிளில் இணைத்து ஒரு ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்ணையும் கடக்கும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். அது உங்கள் இன்டர்ஃபேஸின் சொந்த முகம். பிறகு நடுவில் பெட்டியைச் செருகி, ஸ்லைடர் எல்லாம் நடுவில் வைத்து ஒன்று, நோட்டில் உள்ளபடி வைத்து ஒன்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலாவதால் வகுத்துவிட்டால் மிஞ்சுவது பெட்டி மட்டும். மென்பொருளிலேயே வகுக்கும் வசதி இருக்கிறது. ஸ்வீப் −12 டெசிபலில் போகட்டும். ஏற்றிய பேண்டுகளில் பெட்டி உச்சத்தை முட்டினால் அளந்ததெல்லாம் பொய்யாகிவிடும்.

வளைவு கையில் வந்ததும் ஸ்லைடர்களை மறந்துவிட்டு அந்த வளைவுக்கு பாராமெட்ரிக் பேண்டுகளை (இடம், அளவு, அகலம் மூன்றையும் நாமே வைப்பவை) பொருத்துங்கள். நான் இப்படி ஒரு பெட்டியை மாற்றியபோது ஒன்பது ஸ்லைடர் நகர்த்திய அமைப்பு நான்கே பேண்டில் அடங்கியது.

கம்பிச்சுருள்

சைன்அலை சொன்னதோடு ஃபேஸ் (ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு தள்ளி வருகிறது என்ற) விஷயத்தைச் சேர்க்கிறேன், பலர் தவறு செய்யும் இடம் அதுதான். "துல்லியமாக வேண்டும்" என்று லீனியர் ஃபேஸ் (எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும்) பட்டனை அழுத்திவிடுவார்கள். அழுத்தாதீர்கள். இந்த மாதிரி அனலாக் ஈக்யூ மினிமம் ஃபேஸ். அதன் வளைவை மினிமம் ஃபேஸ் பிளக்இன்னில் சரியாகப் பொருத்திவிட்டால் ஃபேஸும் தானாகவே பொருந்திவிடும், ஏனென்றால் அந்த வகையில் ஒன்று தெரிந்தால் மற்றது கணக்காகவே வந்துவிடுகிறது. லீனியர் ஃபேஸில் போட்டால் வளைவு அதேதான், ஆனால் தாளத்தின் அடிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய முன்னதிர்வு வந்து ஒட்டிக்கொள்ளும். பெட்டி அப்படிச் செய்யவே செய்யாது.

12.5 கிலோஹெர்ட்ஸ் +2இலும் சிக்கல் வரும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சேம்பிள் ரேட்டில் வேலை செய்தால் அதிர்வெண்ணின் எல்லை அதில் பாதி, 22.05 கிலோஹெர்ட்ஸ். சாதாரண டிஜிட்டல் ஃபில்டர் அந்த எல்லைக்கு அருகே மேல்பக்கம் நசுங்கிவிடும். பெட்டியில் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் மேடு, பிளக்இன்னில் வலது பக்கம் செங்குத்தாக விழும். சிக்னல் பிராசஸிங் பேராசிரியர் சோஃபோகிளிஸ் ஓர்ஃபனிடிஸ் 1997இலேயே இதற்கு ஒரு தீர்வு எழுதிவிட்டார். இன்றைய நல்ல பிளக்இன்கள் பலவும் ஏதோ ஒரு விதத்தில் சரிசெய்துவிடுகின்றன. உங்களுடையது செய்கிறதா என்று அதையும் அதே ஸ்வீப்பில் அளந்து பாருங்கள். செய்யவில்லை என்றால் 96இல் வேலை செய்யுங்கள், அல்லது ஓவர்சேம்ப்ளிங் போடுங்கள்.

வளைவைப் பொருத்தும் வேலையே வேண்டாம் என்றால் அளந்த இம்பல்ஸை (பெட்டியின் வளைவு முழுவதும் அடங்கிய ஒரு சிறு ஒலித்துணுக்கு) வேவ் கோப்பாக எடுத்து ரீவெர்ப் மாதிரி ஒரு கன்வால்வரில் (அந்தத் துணுக்கின் தன்மையைக் குரலில் ஏற்றும் பிளக்இன்) ஏற்றிவிடலாம். அச்சு அசலாக வரும். ஆனால் அது உறைந்துபோன அமைப்பு. வாடிக்கையாளர் "4 கிலோஹெர்ட்ஸை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள்" என்றால் கையில் ஒன்றும் இருக்காது. 140 பக்கத்துக்கும் இம்பல்ஸ் எடுப்பதைவிட, அடிக்கடி திரும்பிப்போகும் ஏழெட்டு அமைப்புகளுக்கு எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வால்வுவெளிச்சம்

இங்கே சொன்ன முறை கிராஃபிக் ஈக்யூவுக்குச் சரி. ஆப்ஆம்ப் சிப்பில் ஓடும் பெட்டி, சரியான அளவில் ஓட்டினால் அதன் திரிபு மிகவும் குறைவு. வளைவு வந்தால் ஒலியும் வந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது புல்டெக் வகைப் பழைய வால்வு ஈக்யூ பெட்டியைக் கொண்டு வருவீர்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

புல்டெக் ஈக்யூபி 1ஏயில் குமிழ்களில் இருக்கும் எண் 0 முதல் 10 வரை. அது டெசிபலே கிடையாது. கீழ் அதிர்வெண்ணுக்கு 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என்று நான்கு இடம்தான். 60இல் வைத்து ஏற்றும் குமிழையும் இறக்கும் குமிழையும் ஒன்றாகத் திருப்பினால் ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும் அல்லவா? அழிக்காது. இரண்டின் வளைவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அடியில் ஒரு மேடும் அதற்கு மேலே ஒரு பள்ளமும் வரும், கிக் டிரம்முக்கு ஆட்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். பிளக்இன்னில் ஒரே ஒரு ஷெல்ஃபை (ஒரு அதிர்வெண்ணுக்கு மேலோ கீழோ முழுவதையும் ஏற்றி இறக்குவது) வைத்து இதைக் கொண்டுவர முடியாது, ஒரு ஷெல்ஃபும் ஒரு அகலமான பெல்லும் (ஒரு இடத்தைச் சுற்றி மட்டும் வரும் மேடு அல்லது பள்ளம்) சேர வேண்டும். அப்புறம் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் தனியாக நிறம் சேர்க்கும். எந்த இம்பல்ஸும் அதைப் பிடிக்காது, ஏனென்றால் சத்தம் கூடக் கூட அது மாறிக்கொண்டே இருக்கும்.

சைன்அலை

விட்டுப்போன ஒன்று. பொருந்திவிட்டதா என்று காதை மட்டும் நம்பாமல் நல் டெஸ்ட் செய்யுங்கள். பெட்டியின் ஒலி, பிளக்இன்னின் ஒலி இரண்டில் ஒன்றின் போலாரிட்டியை (அலையைத் தலைகீழாக) திருப்பி மற்றதோடு கூட்டினால் மிச்சம் எவ்வளவு கேட்கிறது என்பதுதான் பதில். எல்லா இடத்திலும் 1 டெசிபல் வித்தியாசம் இருந்தால் மிச்சம் −18 அளவில் நிற்கும், 0.1 என்றால் −39 அளவுக்கு இறங்கும்.

ஆனால் நேரம் பொருந்தாமல் இந்தச் சோதனை செய்தால் ஏமாந்துவிடுவீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ் சேம்பிள் ரேட்டில் ஒரே ஒரு சேம்பிள் தள்ளியிருந்தால்கூட 10 கிலோஹெர்ட்ஸில் 75 டிகிரி விலகல், அழிவதற்குப் பதில் சத்தம் கூடும். இதற்கு நான் செய்யும் வழி: அவுட்புட் 1இல் ஈக்யூ இல்லாத குரலை அனுப்பிப் பெட்டி வழியாக இன்புட் 1க்கு எடுப்பேன். அதே நேரத்தில் அவுட்புட் 2இல் பிளக்இன் போட்ட குரலை வெறும் கேபிள் வழியாக இன்புட் 2க்கு எடுப்பேன். பிளக்இன்னின் தாமதத்தை ரீப்பரே ஈடுகட்டிவிடும். இரண்டும் ஒரே கன்வெர்ட்டரில் ஒரே பதிவில் வருவதால் நேரம் தானாகப் பொருந்திவிடும். அளவை மட்டும் சமப்படுத்தினால் போதும்.

நாதக்குறிப்பு

மூன்று நாள் இதே வேலையாக உட்கார்ந்தேன். ரேஞ்ச் பட்டன் எப்போதும் 12தான், அதில் பிழை இல்லை.

அந்தப் பெண் குரலின் அமைப்பைத்தான் முதலில் அளந்தேன். 315இல் நான் −5 என்று நினைத்த இடம் உண்மையில் −7.6. மூன்று ஸ்லைடரும் சேர்ந்து ஒரே ஒரு அகலமான பள்ளம். 310 ஹெர்ட்ஸ், −7.5, க்யூ 1.3 என்று ஒரு பெல் போட்டதும் கோடு மேல் கோடு உட்கார்ந்தது. 2.5இல் நான் வைத்த −2 கிட்டத்தட்ட இல்லவே இல்லை, பக்கத்து 4 கிலோஹெர்ட்ஸின் சரிவு அதைத் தூக்கிவிட்டிருந்தது. அரை டெசிபல்தான் மிச்சம். இத்தனை வருடமும் மூக்கொலியைக் குறைப்பது அந்த ஸ்லைடர்தான் என்று நினைத்திருந்தேன். குறைத்தது 310இல் இருந்த பள்ளம்.

அடுத்து வந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். இரண்டு சேனலையும் ஒரே மாதிரி வைத்து அளந்தேன். இடது சேனலில் 4 கிலோஹெர்ட்ஸ் +3 சரியாக 4இல் ஏறுகிறது, 3.2 வருகிறது. வலது சேனலில் அதே ஸ்லைடர் 3.6 கிலோஹெர்ட்ஸில் உச்சம் கொள்கிறது, அதுவும் 2.1தான். நான் பெண் குரல்களை எப்போதும் வலது சேனலில்தான் அனுப்புவேன். பேட்ச்பேயில் (கேபிள்களை மாற்றிச் செருகும் பலகை) அது கைக்குப் பக்கத்தில் இருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. நான் ஆசைப்பட்ட அந்த மெத்தென்ற ஒலி அந்தச் சேனலில் மட்டும் இருக்கிறது. இப்போது எதை நகல் எடுப்பது? பெட்டி எப்படி இருந்திருக்க வேண்டுமோ அதையா, அது இருப்பதையா?

கம்பிச்சுருள்

இருப்பதை. 3.6, 2.1, கேள்வியே இல்லை. ஒரு கெபாசிட்டர் அதன் மதிப்பிலிருந்து விலகியிருக்கும், ஸ்லைடரின் தடமும் தேய்ந்திருக்கலாம். ஆனால் உங்கள் காது பன்னிரண்டு வருடம் தேர்ந்தெடுத்தது அந்த விலகலைத்தான். அந்தக் குரல்கள் வெளியே போனதும் அதோடுதான். இடது சேனலையும் தனியாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆண் குரல்களின் பக்கங்கள் அதில்தானே இருக்கும்? பெட்டியைக் கொடுக்கும்போது அந்தப் பெரியவரிடம் வலது சேனலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அவர் சரிசெய்ய நினைக்கலாம்.

நாதக்குறிப்பு

வலது சேனலை அப்படியே எடுத்துவிட்டேன். நல் டெஸ்டில் −34 வந்தது. மிச்சம் கேட்பதெல்லாம் 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான், அந்த நசுங்கும் விஷயம். 96க்கு மாறியதும் −41.

நோட்டின் 140 பக்கத்தையும் அளக்க நேரமில்லை. அதனால் ஒவ்வொரு ஸ்லைடரையும் தனியாக +3, +6, −3, −6 என்று வைத்து இரண்டு சேனலிலும் ஸ்வீப் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 248 ஸ்வீப். பக்கத்து ஸ்லைடர்கள் சேரும்போது கணக்கு கொஞ்சம் மாறும் என்று தெரியும், ஆனால் தொடங்குவதற்கு இது போதும். நேற்று இரவு 1.25 கிலோஹெர்ட்ஸ் வரை முடிந்திருக்கிறது. பெரியவரிடம் பேசினேன். சரிசெய்ய வேண்டாம், அளந்த கோப்புகளில் ஒரு பிரதி தனக்கும் வேண்டும் என்றார்.