ஓசூர்ல நாப்பது மாடி எழும்பினா என்ன கெட்டுப்போச்சு?

பாகலூர்_ரோடு: டீக்கடைல ஆரம்பிச்ச சண்டை, இங்க தீத்துக்கலாம். ஹாங்காங்காரன் இடம் இல்லாம மேல போனான். அங்க இருக்கற ஐசிசி (இன்டர்நேஷனல் காமர்ஸ் சென்டர்) கட்டடம் 484 மீட்டர், 108 மாடி. நாமளும் ஏரிய மூடி மனை போடறத விட்டுட்டு மேல கட்டலாமே?

ராயக்கோட்டை_தக்காளி: இடம் இல்லன்னு யாரு தம்பி சொன்னது? அங்க கட்டடம் இருக்கறது கால்வாசி நிலத்துலதான். மிச்சமெல்லாம் மலை, காடு.

பாகலூர்_ரோடு: அதத்தான்ணா சொல்றேன். மேல கட்டினதாலதான் காடு மிஞ்சிச்சு. எனக்கே பாயிண்ட் எடுத்துக் குடுக்கறீங்க!

கருங்கல்_கிருஷ்ணகிரி: உயரக்கணக்குலயே தகராறு இருக்குப்பா. அங்க பேங்க் ஆஃப் சைனா கட்டடத்த 367 மீட்டர்னு போடுவான். உச்சில இருக்கற ரெண்டு கம்பத்தக் கழிச்சா 50 மீட்டருக்கு மேல கொறஞ்சுடும். ஐசிசி லிஃப்ட்ல 118 வரைக்கும் நம்பர் வரும். அவங்க மொழில நாலுன்னா சாவுன்னு காதுல விழுமாம், அதனால 4 வர்ற மாடிகள் சிலத தாண்டிட்டாங்க. ஆனா ஒண்ணு, அத 574 மீட்டருக்குத்தான் முதல்ல பிளான் போட்டாங்க. சுத்தி இருக்கற மலைய மிஞ்சக்கூடாதுன்னு கொறச்சாங்க. நம்மூர்ல சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் மறையும்னா எந்த பில்டராவது ஒரு மாடி கொறப்பானா?

பாகலூர்_ரோடு: கொறைக்க வைக்கணும்ணா. அதுக்காக கட்டவே கூடாதா?

ராயக்கோட்டை_தக்காளி: கோயில விடுங்க, தண்ணிக்கு வாங்க. ஹாங்காங்ல பெரும்பாலான வீட்டு கக்கூஸுக்கு கடல்தண்ணிதான், அதுக்குன்னு தனி குழாயே போட்டிருக்காங்க. குடிக்க 1965-ல இருந்து பக்கத்துல சீனாவோட குவாங்டாங் மாகாணத்துல இருந்து ஆத்துத்தண்ணி. ஐசிசிக்கு அடியிலேயே ரயில் ஸ்டேஷன். நமக்கு? போர்வெல் தண்ணில ஃப்ளோரைடுன்னு, பல்லு பழுப்பேறிப்போன சனத்துக்காக 2013-ல ஒகேனக்கல் தண்ணி வந்துச்சு. அத நாப்பதாவது மாடிக்கு மோட்டார் போட்டு ஏத்தி ஃப்ளஷ் பண்ணுவீங்களா? பெங்களூரு மெட்ரோவும் ஓசூர் வராம பொம்மசந்திராவோட நின்னுபோச்சு.

பாகலூர்_ரோடு: ஃப்ளஷ்ஷுக்கு சுத்திகரிச்ச தண்ணி விடலாம். பெரிய அபார்ட்மெண்ட்டுன்னா அதுக்கு பிளான்ட் வைக்க கட்டுப்படியாகும். தனித்தனி வீட்டுக்காரன் வைப்பானா?

ராயக்கோட்டை_தக்காளி: பிளான்ட் வெக்கறது இருக்கட்டும், ஓட்டறது யாரு? எங்க தங்கச்சி வீட்டு அபார்ட்மெண்ட்ல கரண்டு பில்லுக்கு பயந்து ஆஃப் பண்ணி வெச்சிருக்கான். அதுவும் அஞ்சே மாடி.

பாகலூர்_ரோடு: அது அசோசியேஷன் தப்புண்ணா, மாடி தப்பில்ல.

கருங்கல்_கிருஷ்ணகிரி: எங்களுதும் அஞ்சு மாடிதான். லிஃப்ட் நின்ன அன்னிக்கு கேன் போடற பையன் மாடிக்கு அஞ்சு ரூபா கூட கேட்டான். நாப்பதுக்கு நீங்களே பேசிக்கோங்க.